மூடச் சொன்ன வீடு

ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்து லிண்டன் தெருவில் உவேயைத் தெரியாதவர்கள் கிடையாது. தன்னைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரிந்துவிடக் கூடாது என்று ஒரு மனிதர் இத்தனை பாடுபட்டால், ஊருக்கே தெரியாமல் என்ன செய்யும்?

சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் பெண் எல்லாரிடமும் கேட்பதைப் போல இவரிடமும் "கார்டு இருக்கா சார்?" என்று கேட்டுவிடுவாள். வாங்க வாங்கப் புள்ளி சேரும் அட்டை. அவ்வளவுதான், பிடித்துக்கொள்வார். "நான் இந்த வாரம் எத்தன வெங்காயம் தின்னேன்னு தெரிஞ்சுக்கிட்டு உங்க முதலாளி என்னம்மா பண்ணப் போறாரு?" பின்னால் நிற்கும் வரிசை நெளியும். யாரோ தொண்டையைச் செருமுவார்கள். உவே அசைய மாட்டார். ரொக்கமாகக் கொடுத்து, ரசீதை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் நகர்வார்.

அவர் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் டெட்லெஃப் என்று ஒருவர். புதிதாக என்ன கருவி வந்தாலும் முதல் ஆளாக வாங்கி வந்து எல்லாருக்கும் காட்டுகிறவர். மணிக்கட்டில் நாடி பார்க்கும் கடிகாரம், கூப்பிட்டால் பதில் சொல்லும் பெட்டி, வாசலில் கேமரா வைத்த அழைப்பு மணி. மாடிப்படியில் இருவரும் எதிர்ப்பட்டால் அன்றைய கச்சேரி களைகட்டும்.

"எங்கிட்ட ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு உவே? பாத்துட்டுப் போகட்டுமே!"

"அப்படியா? சரி, உன் சம்பளம் எவ்வளவு சொல்லு."

டெட்லெஃப் மணிக்கட்டுக் கடிகாரத்தைத் தட்டிப் பார்ப்பார். அந்த ஊரில் பெற்ற பிள்ளையிடம்கூட யாரும் அதைச் சொல்வதில்லை.

"கக்கூஸ் கதவ எதுக்குய்யா சாத்திக்கற? ஒளிக்கத்தான் ஒண்ணும் இல்லையே" என்று இன்னொன்றையும் போட்டுவிட்டு உவே படியேறிப் போவார்.

இதையெல்லாம் வைத்து அவரைக் கிறுக்கர் என்று நினைத்தால் தப்பு. அவர் பார்த்த வேலை அப்படி. தெருத் தெருவாக, வீடு வீடாகப் போய், குளிருக்கு அறையைச் சூடாக்கும் ஹீட்டர்களின் கணக்கெடுப்பவர். அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஹீட்டரின் மீதும் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். உள்ளே ஏதோ திரவம். ஹீட்டரை எரிக்க எரிக்க அது வற்றும். வருஷத்துக்கு ஒரு முறை உவே போய், முழங்காலிட்டு உட்கார்ந்து, எவ்வளவு வற்றியிருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு வருவார். அவர் வரும் நாளில் வாசல் கதவைத் திறந்துதான் ஆக வேண்டும். படுக்கையறை வரைக்கும் போவார்.

அந்தக் குழாய்கள் பேசும். படுக்கையறைக் குழாய் போன வருஷத்தைவிட அதிகமாக வற்றி, கூடத்துக் குழாயும் இரவெல்லாம் ஹீட்டர் எரிந்ததுபோல வற்றியிருந்தால் புருஷன் சோபாவுக்குப் போய்விட்டான் என்று அர்த்தம். பிள்ளையின் அறைக் குழாய் அப்படியே நிறைந்திருந்தால் பிள்ளை வீட்டை விட்டுப் போய்விட்டது, அம்மா அந்த அறைக்குள் நுழைவதையும் நிறுத்திவிட்டாள். எல்லாக் குழாயும் நிறைந்திருந்து, வீட்டுக்காரி கம்பளிக்கு மேல் கம்பளி போட்டுக்கொண்டு "எனக்குச் சூடே ஒத்துக்காது தம்பி" என்று சிரித்தால் அங்கே அடுத்த கேள்வி கேட்கக் கூடாது. உவே கேட்டதில்லை. எண்ணைக் குறித்துக்கொள்வார், கொடுத்த காப்பியைக் குடிப்பார், தெருவில் இறங்கும்போது எல்லாவற்றையும் மறந்துவிடுவார்.

பிறகு அளவை ரேடியோ அலையில் தானே அனுப்பும் குழாய்கள் வந்தன. யாரும் வீட்டுக்குள் போக வேண்டியதில்லை. தெருவில் ஒரு வண்டியை நிறுத்தினால் மொத்தக் கட்டடமும் தன் கதையைத் தானே ஒப்பித்துவிடும். எல்லாருக்கும் சௌகரியம்தான். உவேக்கு மட்டும் பிடிக்கவில்லை. "நான் பாத்தத நான் மறந்துருவேன். அது மறக்குமா?" என்று கெஸீனாவிடம் சொன்னார்.

கெஸீனா அவர் மனைவி. காலையில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, மதியத்துக்கு மேல் பால்கனியில் செடிகளோடு பேச்சு. புருஷனின் கவலைகளை அவள் மழையைப் போல எடுத்துக்கொண்டாள். வந்தால் நனையாமல் ஒதுங்கிக்கொள்வாள், விட்டால் வேலையைப் பார்ப்பாள். "உனக்கு யாராவது வேவு பாத்தாத்தான் நிம்மதிடா. இல்லேன்னா ரொம்ப வருத்தப்படுவே" என்பாள். உவேக்குப் படம் எடுப்பதே பிடிக்காது. அதனால் அவர்கள் வீட்டில் படங்கள் குறைவு. இருக்கும் இரண்டொன்றிலும் கெஸீனா யாரோ அசையாதே என்று மிரட்டியதுபோல விறைத்துக்கொண்டு நிற்பாள். நிஜத்தில் அவள் ஒரு நிமிஷம் அசையாமல் இருந்தவள் இல்லை.

அந்தக் கார் வந்தது ஒரு கோடைக்கால மதியம். கூரையில் கம்பு நட்டு, கம்பின் உச்சியில் உருண்டைக் கேமரா வைத்த கார். உலகத்துத் தெருக்களையெல்லாம் படம் பிடித்துக் கணினியில் போடப் போகிறார்களாம். உவே சாப்பிட வீட்டுக்கு வந்து, வாசலில் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தார். காரைக் கண்டதும் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு கெட்ட வார்த்தையை உதிர்த்தார். அது போகும் வரை முறைத்துவிட்டு, மூச்சிரைக்க மாடியேறினார். கெஸீனா பால்கனியிலிருந்து அப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

"அங்கயா நின்ன? உன்னையும் எடுத்திருப்பானுங்களே! என்ன பண்ணிட்டிருந்த?"

"கை ஆட்டிட்டிருந்தேன்."

"அந்தக் காருக்கா?"

கெஸீனா அவரை ஒரு கணம் பார்த்தாள். "ஆமா. அந்தக் காருக்குத்தான். வேற யாருக்கு?" என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு வெந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டாள்.

என் வீட்டைக் காட்டாதே என்று எழுதிப்போட்டால் படத்தில் வீட்டை மங்கலாக்கி மூட்டம் போட்டுத் தருவதாக அந்தப் படக் கம்பெனி அறிவித்தது. நாடே எழுதிப்போட்டது. உவே சும்மா இருப்பாரா? மூட்டம் மட்டும் போதாது, அசல் படத்தையும் அழித்துவிட வேண்டும் என்று சேர்த்து எழுதினார். செய்து கொடுத்துவிட்டார்கள். ஒருவர் கேட்டால் கட்டடம் முழுவதற்கும் மூட்டம் என்பதால் டெட்லெஃப் மாதக்கணக்கில் புலம்பினார். "புதுக் கார் வாங்கி வாசல்ல நிறுத்தியிருந்தேன். அதையும் சேத்து மூடிட்டயே, பாவி!"

கெஸீனா இறந்து நான்கு குளிர்காலம் ஆகிறது. கணையத்தில் புற்று வந்தது, இரண்டே மாதத்தில் கொண்டுபோய்விட்டது. முதல் இரண்டு வருஷம் உவேக்கு அவளை நினைக்கச் சிரமமே இல்லை. கண்ணை மூடினால் வந்து நிற்பாள். அப்புறம், எப்போது என்று தெரியாமல், அவள் அசைவது நின்றுபோயிற்று. முகம் வந்தது, கை வரவில்லை. பூவாளியை எந்தக் கையால் பிடிப்பாள், சிரிக்கும்போது தலை எந்தப் பக்கம் சாயும் என்று யோசிக்க வேண்டியதாயிற்று. யோசித்தால் அந்த விறைத்த படங்கள்தான் வந்து நின்றன. மனிதர் மிரண்டுபோனார். இரண்டாம் தடவை சாகிறாள், இந்தத் தடவை என் தலைக்குள்ளேயே சாகிறாள் என்று அழுதார்.

எதிர்ச்சாரியில் ஒரு பெட்டிக்கடை. பீர், சிகரெட், பத்திரிகை, பிள்ளைகள் கலந்து வாங்கும் மிட்டாய் எல்லாம் கிடைக்கும். துருக்கியிலிருந்து வந்து சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்த ஸெலாமி வைத்த கடை. ஸெலாமியும் போய்விட்டார். இப்போது அவர் மகள் நெர்மின் நடத்துகிறாள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்தவள். உவேயை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

ஒரு பிற்பகல் பத்திரிகை வாங்கப் போனவர், நெர்மின் மடிக்கணினித் திரையைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பதைக் கண்டார்.

"என்ன பொண்ணு, அதுக்கிட்டப் போய்ப் பல்ல காட்டற?"

"எங்க அப்பா, மாமா. வந்து பாருங்க."

திரையில் இதே கடை. வாசலில் நாற்காலி போட்டு ஒருவர் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். முகத்தை மட்டும் மெழுகியதுபோல மங்கலாக்கியிருந்தார்கள்.

"மூஞ்சியே இல்லையே."

"மூஞ்சிய மறைச்சா என்ன, தொப்பைய மறைக்க முடியுமா? அந்தச் செருப்பப் பாருங்க, அம்மா தூக்கிப் போடச் சொல்லித் திட்டிக்கிட்டே இருந்த செருப்பு. அந்தக் கார் வந்த அன்னிக்கு எடுத்தது. பழைய வருஷத்துக்குப் போனா அப்படியே இருக்கு. தெனம் கடை திறந்ததும் ஒரு வணக்கம் சொல்லிட்டுத்தான் வேலையே."

உவே திரைக்கு அருகே குனிந்தார். அந்தக் கார். கெஸீனா கையாட்டிய கார். "அப்படியே இந்தப் பக்கம் திருப்ப முடியுமா?" என்று கேட்டார்.

நெர்மின் திருப்பினாள். தெருவின் அந்தப் பக்கம் அவர்கள் வீடு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய மூட்டம், நடைபாதையிலிருந்து கூரை வரைக்கும். அடுத்த வீட்டின் ஜன்னல் திரையில் இருந்த கோழிப் படம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. இவருடையது மட்டும் குளிர்காலக் காலையில் ஆறு தெரிவதுபோல, இருக்கிறது என்றுதான் சொல்ல முடிந்தது. இரண்டாம் மாடி உயரத்தில் லேசாக ஒரு சிவப்பு. அவளுடைய ஜெரேனியம் பூக்களாக இருக்கலாம். செங்கல்லாகவும் இருக்கலாம்.

"நாந்தான் மூடச் சொன்னேன்" என்றார்.

நெர்மின் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

அன்றிலிருந்து உவே பிற்பகல்களில் அந்த ஸ்டூலில்தான். கணினி என்றால் வெளிநடப்பு செய்தவர், அம்புக்குறியை அழுத்தி அழுத்தி அந்தப் பழைய தெருவில் நடக்கக் கற்றுக்கொண்டார். அங்கே எப்போதும் அதே கோடை மதியம். நிழல்கள் அவரவர் காலடியிலேயே சுருண்டு கிடந்தன. பின்னாளில் ஒரு புயலில் விழுந்த லிண்டன் மரம் அங்கே விழாமல் நின்றது. கொடியில் போட்ட துணி காற்றில் எழும்பியது எழும்பியபடியே இருந்தது. ஒரு நாய் விளக்குக் கம்பத்தில் காலைத் தூக்கிக்கொண்டு இத்தனை வருஷமாக முடிக்காமல் நின்றது. ரொட்டிக்கடை வரை போவார், திரும்புவார். முகமில்லாத மனிதர்கள் ஒதுங்கி வழி விடுவதுபோல இருக்கும். ஒவ்வொரு தடவையும் தன் வீட்டு வாசலுக்கு வந்ததும் மூட்டத்துக்கு முன்னால் நின்றுவிடுவார். உள்ளே அவள் இருக்கிறாள், இந்த நிமிஷத்தில் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறாள், ஒரு திரையைத் தள்ளினால் போதும் என்று தோன்றும். கடைக்கு வெளியே நிஜமான தெருவில் டிராம் மணியடித்துக்கொண்டு போவது எங்கோ தூரத்தில் கேட்கும். சில நாள் அப்படியே கண்ணயர்ந்துவிடுவார். நெர்மின் எழுப்ப மாட்டாள்.

படக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டார். மூட்டத்தை எடுத்துவிடுங்கள், என் மனைவி அதற்குள் இருக்கிறாள் என்றே எழுதினார். நல்ல மரியாதையாகப் பதில் வந்தது. தங்கள் விருப்பப்படி அசல் படம் அப்போதே அழிக்கப்பட்டுவிட்டது, திரும்பக் கொண்டுவர வழியில்லை, தங்கள் தகவல்களின் பாதுகாப்பே எங்கள் அக்கறை.

"பாத்தியா, மறக்காதுன்னு நெனச்சேன். நான் சொன்ன ஒண்ண மட்டும் ஒழுங்கா மறந்திருக்கானுங்க" என்றார் நெர்மினிடம். சிரிக்கத்தான் பார்த்தார், வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் கடைப் பக்கமே வரவில்லை. மறுவாரம் நெர்மின் தெருவைத் தாண்டிப் போய், கதவைத் தட்டி, "எனக்குத் துணைக்காவது வாங்க மாமா" என்று கூட்டி வந்தாள். ஸ்டூலில் உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, தன் அப்பா படத்தைத் திறந்தாள். அவர் கோப்பையில் இருப்பது தேநீரா, அம்மாவுக்குத் தெரியாமல் ஊற்றிக்கொண்ட ராக்கிச் சாராயமா என்று அவளுக்கு வெகுநாள் சந்தேகம். பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். கோப்பை நகர்ந்து ஸெலாமியின் தோள் வந்தது. தோளுக்குப் பின்னால் கடையின் பெரிய ஜன்னல் கண்ணாடி.

"நில்லு" என்றார் உவே.

கண்ணாடியில் எதிர்ச்சாரி விழுந்திருந்தது. கம்பு நட்ட கார் விழுந்திருந்தது. காருக்கு அப்பால், செங்கலும் ஜன்னல்களுமாக, மூட்டமே இல்லாமல், அவர்கள் வீடு.

பழக்கம் விடுமா? முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. "இத மூடாம விட்டிருக்கானுங்க பாரு! இத்தன வருஷமா உலகமே பாத்திருக்கு! என்ன லட்சணத்துல வேல—" பேச்சு பாதியில் நின்றது. இரண்டாம் மாடியில் சிவப்புப் பூக்களுக்கு நடுவே ஒரு ஆள் இருந்தது.

விரல் நகம் அளவுகூட இல்லை. முகமென்று சொல்ல ஒரு வெளுப்பு, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கை, கண்ணாடியில் வலதாகத் தெரிந்த அந்த இடது கை. முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மணிக்கட்டை மட்டும் திருப்பி, மாவு ஒட்டிய கையை உதறுவதுபோல அவள் கையாட்டுவாள். நாலு வருஷத்துத் துக்கத்தில் தொலைந்த அந்தக் கை, பார்த்த மாத்திரத்தில் அவர் தலைக்குள் ஆடத் தொடங்கிவிட்டது. தலை வலப்பக்கம் சாயும். ஆமாம், வலப்பக்கம்தான். உவே வாய்விட்டு அழுதார். நெர்மினும் அழுதாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோதுதான் ஒன்று உறுத்தியது. கார் தெருவின் நடுவில், கடைக்கு நேராக நிற்கிறது. கெஸீனா காரைப் பார்க்கவில்லை. பால்கனிக் கம்பியின் மீது இடுப்பு வரை சாய்ந்து, நேர் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே வாசல். வாசலில் ஒரு சைக்கிள். சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒருவன் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையால் முகத்தை மறைத்தபடி காரை முறைத்துக்கொண்டு நின்றான்.

"அவ காருக்குக் கை ஆட்டல" என்றார் உவே மெதுவாக.

"காருக்கா? காருக்கு எதுக்கு ஆட்டறாங்க? உங்களுக்குத்தான் மாமா. தெனமும் ஆட்டுவாங்களே."

உவே அவளைப் பார்த்தார்.

நெர்மினுக்கு அவர் முகம் மாறியது தெரியவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே, பழைய நாளின் சிரிப்போடு சொல்லிக்கொண்டு போனாள். "உங்க சைக்கிள் முனையில திரும்பினதுமே வந்து நின்னுருவாங்க. நீங்க வந்து இறங்குவீங்க, குனிஞ்சு பூட்டுவீங்க, பூட்டு மாட்டியிருக்கான்னு ரெண்டு தடவ இழுத்துப் பாப்பீங்க, உள்ள போயிருவீங்க. நானும் அப்பாவும் தெனம் பந்தயம் கட்டுவோம், இன்னிக்கு மாமா மேல பாப்பாரா, மாட்டாரான்னு. பாப்பாருன்னு நான்தான் சொல்லுவேன். தோத்துக்கிட்டே இருப்பேன்."

"தெனமுமா?"

"லீவு நாள் தவிர."

எத்தனை படுக்கையறைகளுக்குள் போய் வந்தவர், எத்தனை குழாய்களைப் படித்தவர். தன் வீட்டை மட்டும் படிக்கவில்லையே என்று உவேக்கு ஓடியது. யாரும் தன்னைப் பார்த்துவிடக் கூடாது என்று இந்தத் தெருவில் குனிந்தே நடந்த முப்பது வருஷமும், பார்ப்பதற்கென்றே ஒருத்தி நின்றிருக்கிறாள்.

"ஒரு தடவகூட... நான் பாக்கவே இல்லையா?"

நெர்மின் இப்போதுதான் திரும்பினாள். அவர் முகத்தைக் கண்டதும் சிரிப்பு போய்விட்டது. பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். பிறகு நிஜமாகவே ஒன்று நினைவுக்கு வந்து அவள் கண் மலர்ந்தது.

"ஒரு நாள் பாத்தீங்க மாமா! ஒரே ஒரு நாள். மழை வர்ற மாதிரி இருந்துச்சு, அண்ணாந்து வானத்தப் பாத்தீங்க. வானத்தத்தான் பாத்தீங்க, எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். ஆனா அவங்க உங்களுக்குத்தான்னு நெனச்சுட்டாங்க. அன்னிக்கு ரெண்டு கையையும் ஆட்டினாங்க."

உவே கண்ணை மூடினார். அந்த நாளைத் தேடினார். வானம்கூட நினைவில் இல்லை.

பிறகு ஸ்டூலை விட்டு எழுந்தார். திரையில் இருந்த அந்தச் சின்ன வெளுப்புக்கு நேராக நின்று, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பவரைப் போல முகத்தைத் தூக்கி, இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினார். சிகரெட் வாங்க உள்ளே வந்த ஆள் தமக்கென்று நினைத்து, யாரென்றே தெரியாமல் பதிலுக்குக் கையாட்டினார். உவே கைகளை இறக்கவில்லை.